எல்லோரும் சிரித்த படம்

ஐப்பசி 9, ஞாயிறு

மதியம் கணவரோடு சினிமாவுக்குப் போனேன். மனநல ஆலோசகரை விடாமல் துரத்தும் நோயாளி பற்றிய காமெடிப் படம். ஆலோசகர் வீட்டுக் கல்யாணப் பந்தியிலேயே அந்த ஆள் வந்து உட்கார்ந்ததும் தியேட்டரே சிரித்தது.

எனக்குச் செல்வி ஞாபகம். நானும் மனநல ஆலோசகர்தான்; என்னிடம் ஆலோசனைக்கு வந்த பாபநாசத்துப் பெண் அவள். ஓயாமல் போன் செய்வாள். போன வருஷம், "இனிமே போன் பண்ணாதீங்க" என்று கோபமாகவே சொல்லிவிட்டேன். "சரிங்க மேடம்" என்றாள். அதோடு வருவதும் நின்றது.

இடைவேளையில் அவளை அழைத்தேன். அவள் அண்ணன் எடுத்தார்.

"போனை என்கிட்ட குடுத்துட்டா மேடம். யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதாம். இப்பல்லாம் எங்ககிட்டகூடப் பேசறதில்லீங்க."

மீதிப் படத்தையும் பார்த்தேன். கணவர் சிரித்தபோது நானும் சிரித்தேன். அதுதான் தூங்க விடவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் பாபநாசம் போகிறேன். அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.