காலிதாவின் பத்து வார்த்தைகள்

பாம்பன்
17.8.1959

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் சாலிஹா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் அங்கே சுகமாக இருக்க துஆச் செய்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஆனாலும் இது கோபத்தில் எழுதும் கடிதம். கடையில் நாலு பேர் இருக்கும்போது பிரிக்க வேண்டாம்.

மகள் படிக்கும் மண்டபம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதை நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நடந்ததை முன்பே எழுதினேன். நீங்கள் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன். வீட்டிலும் ஊரிலும் பார்க்கும் பொருள்களுக்குப் பத்து இங்கிலீஷ் வார்த்தைகள் எழுதிவரச் சொன்னார் டீச்சர். காலிதா என்னைக் கேட்கவில்லை. உங்கள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தானாகவே தேடி எழுதினாள். கேட்டமரான், ஷெரூட், கரி, காயர், காப்ரா என்று இப்படிப் பத்தையும் எழுந்து நின்று வாசித்திருக்கிறாள். கட்டுமரம், சுருட்டு, கறி, கயிறு, கொப்பரை என்று பிள்ளைகள் காதில் விழ, வகுப்பே சிரித்திருக்கிறது. "பாம்பன்லேர்ந்து வந்தா கட்டுமரந்தான் வரும், கப்பலா வரும்?" என்றாராம் டீச்சர். அவருக்கும் வீட்டில் தமிழ்தான்.

அந்தப் பள்ளியில் தமிழ் பேசுகிற பிள்ளையின் கழுத்தில் ஒரு பலகையை மாட்டுவார்கள். இன்னொரு பிள்ளை தமிழ் பேசுவதைப் பிடித்துக் கொடுத்தால்தான் பலகை இறங்கி அந்தக் கழுத்துக்குப் போகும். ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஒருவர் வாயை ஒருவர் வேவு பார்க்கப் பழக்குகிறார்கள். அதைக் காலிதாவுக்கு மாட்டினார்கள். அவள் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இதெல்லாம் அகராதியில இருக்கு டீச்சர். இந்தப் பலகைகூட டீக்குதான். டீக்குன்னா எங்க தேக்கு" என்றாளாம். அவள் செய்த குற்றம் இவ்வளவுதான். முப்பத்தொன்றாம் தேதிக்குள் தகப்பனார் கையெழுத்தோடு மன்னிப்பு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம்.

அந்தத் தடி அகராதியைச் சுமந்துகொண்டு ரயிலேறி மண்டபம் போனேன். கேட்டமரான் தமிழிலிருந்து வந்தது என்று போட்டிருக்கும் பக்கத்தைத் தலைமையாசிரியை மேசையில் விரித்து வைத்தேன். அவர் கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. பி.ஏ. படித்ததைக் காட்ட வந்தீர்களா, எனக்கு வேண்டியது தகப்பன் கையெழுத்து என்றார். வெளியே வந்தபோது பியூன் கூத்தையா பின்னாலேயே வந்து, "பழைய பெஞ்சுக் காலை அறுத்து அந்தப் பலகையச் செஞ்சதே நான்தான் தாயி. தேக்குதான். பாப்பா சொன்னது சரிதான். அதுக்கப்புறம் அதைத் தொட்டாலே கை கூசுது" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் ஒப்புக்கொண்டார். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த விளையாட்டைத் தொடங்கியது யார் மச்சான்? கல்யாணமான வருஷம் கொழும்பிலிருந்து மற்றவர்கள் சேலையும் சென்டும் அனுப்பியபோது நீங்கள் அகராதி அனுப்பினீர்கள். வாரத்துக்கு ஒரு வார்த்தை எழுதுவீர்கள். கடற்படைத் தளபதியை அட்மிரல் என்கிறானே, அது நம் அரபி அமீர்தான் பார் என்று எழுதியிருந்தீர்கள். சாக்குகளில் காயர், காப்ரா என்று மை தடவும்போது எனக்குச் சிரிப்பாக வருகிறது, வெள்ளைக்காரன் நம் கயிற்றை நமக்கே பெயர் மாற்றி விற்கிறான் என்றும் எழுதினீர்கள். அந்தக் கடிதங்களைத்தான் நான் காலிதாவுக்குக் கதையாகச் சொல்லி வளர்த்தேன். அவளுக்கு அது பாடமல்ல, வாப்பாவின் குரல்.

அந்த வாப்பா இப்போது, "என் மகள் அறியாமையால் உளறிவிட்டாள்" என்று இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்புகிறார். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பதுகூடவா உங்களுக்கு மறந்துபோனது? உறையைப் பிரித்தது அவள்தான். உங்கள் கடிதம் என்று ஆசையாக ஓடிவந்து பிரித்தாள். படித்தாள். அகராதியைத் தூக்கிக்கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினாள். அன்றிலிருந்து நாலு நாளாகப் பேசுவதில்லை. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பானையைக் கை காட்டுகிறாள்.

மாமிக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இம்புட்டு வாயி? அவன்தான் எழுதி அனுப்பிட்டான்ல, குடுத்துட்டு வா" என்கிறார்கள். சின்னவன் சதக்குக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை. இன்று கொஞ்சம் பரவாயில்லை. கடலும் இரைச்சலாகத்தான் இருக்கிறது.

அதே உறையில் எனக்கு எழுதியிருந்த கடிதத்தின் கடைசி வரிகளையும் படித்தேன். எந்த வார்த்தை யாருடையது என்று கேட்கிற காலமில்லை சாலிஹா என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் வாயே திறப்பதில்லை, சட்டைப்பையில் இங்கிலீஷ் பேப்பரை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் அங்கே தமிழ் பேசுகிறவர்களை அடித்துக் கொன்ற கலவரத்தில் உங்களிடமிருந்து பதினொரு நாள் தபால் வரவில்லை. அந்தப் பதினொரு நாளை நான் மறக்கவில்லை. அங்கே நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது உயிருக்காக. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே, தன் சொந்த ஊரில், பாலத்துக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் தமிழ் பேசுகிற இடத்தில், உங்கள் மகள் வாயை மூடுவதற்கு நீங்களும் கையெழுத்துப் போட வேண்டுமா? அந்தப் பலகையை அவர்கள் ஒருநாள்தான் மாட்டினார்கள். உங்கள் மன்னிப்புக் கடிதத்தைக் கொடுத்தால் அது அவள் கழுத்தை விட்டு என்றைக்கும் இறங்காது.

பெயரை அடித்தால் அடிக்கட்டும். இராமநாதபுரத்தில் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. இங்கிலீஷை நான் சொல்லிக் கொடுக்கிறேன். என் வாப்பா ஊர்ப்பேச்சைத் தாங்கிக்கொண்டு என்னைப் படிக்க வைத்தது வேறு எதற்கு? எனக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு வரி. என் மகள் சொன்னது சரி என்று உங்கள் கையால் எழுதுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். எழுதப் பயமாக இருந்தால் கப்பலேறி வந்து வாயால் சொல்லுங்கள். வந்தால் திரும்பிப் போக வேண்டாம் என்றும் சொல்வேன். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தனுஷ்கோடி மெயில் வருவதற்குள் இதை ஸ்டேஷனில் சேர்க்க வேண்டும். அல்லாஹ் உங்கள் உயிரையும் நாவையும் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக.

கோபம் தீராத, உங்களை நினைத்தே இருக்கும்,
சாலிஹா

பி.கு. வழக்கம்போலக் கடிதத்தின் அடியில் பெயர் எழுதும்படி காலிதாவிடம் பேனாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "எந்த எழுத்துலம்மா போடணும், தமிழா இங்கிலீஷா?" என்று கேட்டாள். நாலு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு இது. வாப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அவள் பெயருக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.