கல்லுக்குப் பதிலாக

அப்பா,

இன்று காலை குளியலறையில் குழாய் மாற்ற ஆள் வந்திருந்தார். பழைய பைப்பை அறுத்து எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவதற்கு முன் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து பசையைத் தடவினார். கடையில் அதைச் சொல்யூஷன் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும் வாசனை. "ஜன்னலத் தெறந்து வைங்க மேடம், தல நோவும்" என்றார். நான் திறக்கவில்லை. அவர் போன பிறகும் வெகுநேரம் குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தேன். நீங்கள் படகு கட்டிய நாட்களில் பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீடு முழுக்க இப்படித்தான் மணந்தது.

அதைப் படகு என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைப்புகளின் வாயை இரண்டு பக்கமும் இதே பசையால் மூடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே இரும்புச் சட்டம் அடித்து, அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலை வெட்டிப் பொருத்தியிருந்தீர்கள். ஒரே ஓர் ஆள் உட்கார்ந்து தூண்டில் போடலாம். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்ததாகச் சொன்னீர்கள். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் கை நமநமத்துக்கொண்டிருந்த காலம்.

அம்மா காம்பவுண்டில் துணி காயப் போட இடமில்லாமல் புலம்பினாள். "படகாம் படகு. குழா மேல ஏறிக் குந்திக்கினு ஊர்வலம் போகப் போறாரு."

ஹொசகோட்டே தாண்டி இருந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் உங்கள் பழைய சிநேகிதர். அவர் தயவில் அங்கே இறக்கினீர்கள். முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. நாற்காலி பொருத்தும் சட்டத்தை ஒரு முழம் முன்னால் வைத்து வெல்டிங் அடித்துவிட்டீர்கள். நீங்கள் உட்கார்ந்ததும் படகின் மூக்கு தண்ணீரில் முங்க, பின்பக்கம் மேலே எழும்பியது. வாழ்நாள் முழுக்க மயிரிழை அளவு பார்த்து இரும்பு இழைத்த மனிதர். காம்பவுண்டுச் சுவர் கட்டி மிஞ்சிய கருங்கல் ஒன்றைக் கொண்டுபோய், நாற்காலிக்குப் பின்னால் கட்டிவைத்தீர்கள். படகு நேராக நின்றது.

"நாற்காலியப் பின்னாடி தள்ளினா ஆச்சு. இதுக்கு எதுக்கு ஒரு கல்லு?" என்று அம்மா கேட்டபோது, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னீர்கள்: "அது டிசைன்."

ஞாயிறுதோறும் அந்தக் கல்லோடுதான் மீன் பிடித்தீர்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து வரும் வரை.

தொண்ணூற்றெட்டாம் வருடம். கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தது. ஒரு பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினேன். இனிமேல் போக மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா கேட்டாள். பக்கத்து வீட்டிலும் கேட்டார்கள். எல்லோரும் கேட்டது அதே மூன்று கேள்விகள்தான். அடிச்சாரா? குடிக்கிறாரா? வேற யாராவது பொம்பளையா? மூன்றுக்கும் இல்லை என்றேன். அப்படியென்றால் எதற்கு வந்தாய் என்று அவர்கள் முகம் கேட்டது. நீங்கள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது. கேட்காதவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவராக இருக்கலாம்.

அந்த வார ஞாயிறு மாலை என் கணவருடைய பெரியப்பாவும் அத்தையும் என்னை அழைத்துப்போக வருவதாகச் செய்தி வந்திருந்தது. அம்மா முந்தைய இரவே என் புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். விடிந்ததும் நீங்கள் ராகி மாவில் பெருங்காயம் போட்டுப் பிசைந்துகொண்டே, தூண்டிலுக்கு இரை உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "ஏரிக்கு வரியாம்மா? கல்லு இருக்கிற எடத்துல நீ குந்திக்க. ரெண்டும் ஏறக்குறைய ஒரே வெயிட்டுதான்."

"நல்லா இருக்கே! சாயங்காலம் மனுஷங்க வராங்க, பொண்ணக் கல்லாக்கி ஏரிக்கு இழுத்துக்கினு போறாரு" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள். நாம் அதற்குள் ஸ்கூட்டரில் ஏறியிருந்தோம்.

கரையில் காவல்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கல்லை அவிழ்த்துக் கரையில் வைப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், கல்லு பேடவா இவத்து?" என்று கன்னடத்தில் கேட்டார். இன்றைக்குக் கல் வேண்டாமா என்று.

நீங்கள் என்னைக் காட்டினீர்கள். "இவத்து மாத்தாடோ கல்லு."

பேசுகிற கல். அவர் வாயில் நுரையோடு சிரித்தார். நானும் சிரித்தேன். பெங்களூர் வந்து அதுதான் முதல் சிரிப்பு.

கல் இருந்த இடத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார வைத்தீர்கள். நாற்காலியின் முதுகுச் சாய்வு போன மாதமே உடைந்து போயிருந்தது. அதனால் உங்கள் முதுகும் என் முதுகும் ஒட்டிக்கொண்டன. நீங்கள் பார்த்தது ஏரியின் அந்தக் கரை. நான் பார்த்தது நாம் விட்டு வந்த கரை. எனக்கு நீச்சல் தெரியாது. காலுக்குக் கீழே தண்ணீர் சளசளத்தது. துடுப்பை நீங்கள் வலிக்கும்போதெல்லாம் உங்கள் தோள் எலும்பு என் முதுகில் வந்து வந்து போனது.

நடு ஏரியில் நிறுத்தித் தூண்டிலைப் போட்டீர்கள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து நானே சொன்னேன்.

"அவரு பேசவே மாட்டாருப்பா."

உங்கள் முதுகு அசையவில்லை.

"எதுக்குக் கோவம்னுகூடத் தெரியாது. மாசக்கணக்குல பேச மாட்டாரு. சாப்பாடு வச்சா சாப்புடுவாரு. எதிர்ல நின்னா சுவத்தப் பாக்கிற மாதிரி தாண்டிப் போவாரு. வீட்ல மத்தவங்க கிட்ட நல்லாப் பேசுவாரு, சிரிப்பாரு. நான் ஒருத்தி மட்டும் அங்க இல்லாத மாதிரி. ஒரு நாள் வேணும்னே டம்ளரக் கீழ போட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

சொல்லி முடித்த பிறகு கேட்கவே சின்னதாக இருந்தது. இதற்காகவா ஒருத்தி வீட்டை விட்டு வருவாள் என்று எனக்கே தோன்றியது. நீங்களும் அதிகம் பேசுகிறவர் இல்லை.

அப்புறம் கேட்டீர்கள். "நானும்தான் இப்ப பேசாம குந்தியிருக்கேன். இந்த மாதிரியாம்மா?"

"இல்லப்பா. இதுல நான் இருக்கேன். அதுல நான் இல்ல."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. அதுவரை எனக்கே அது தெரியாது. அப்போது படகு உங்கள் பக்கமாக வெடுக்கென்று இழுபட்டது. மீன் மாட்டியிருக்கிறது. "அப்பா, இழுக்குது" என்றேன். நீங்கள் தூண்டிலைத் தூக்கவில்லை. இழுத்து, தளர்ந்து, மறுபடி இழுத்துப் போயே போய்விட்டது. உங்கள் முதுகு மட்டும் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. திரும்ப முயன்றேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"திரும்பாதம்மா. கவுந்துடும்."

நான் திரும்பவில்லை. கரைக்கு வந்து சேர்ந்தபோது நீங்கள் முகம் கழுவியிருந்தீர்கள்.

மாலை அவர்கள் வந்தார்கள். பெரியப்பா நல்ல மனிதர்தான், கல்யாணத்தில் எனக்குத் தட்டில் இனிப்பு எடுத்து வைத்தவர். அத்தை காபி வருவதற்குள் ஆரம்பித்தார். "எங்க பையன் கை நீட்டினானா? இல்ல. குடிக்கிறானா? இல்ல. சம்பளத்தக் கொண்டாந்து கொடுக்கிறான். இன்னும் என்ன வேணும் இவளுக்கு?" நான் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். இஸ்திரி போட்ட புடவையைத்தான் கட்டியிருந்தேன். நீங்கள் போகச் சொன்னால் போயிருப்பேன். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. அப்படியே எழுந்து பெட்டியை எடுத்திருப்பேன்.

"எம்பொண்ணு இங்கதான் இருப்பா" என்றீர்கள்.

"காரணம் சொல்லணும் இல்லீங்களா சம்பந்தி? ஊருக்குப் போய் நாங்க என்னன்னு சொல்றது?" என்று பெரியப்பா கேட்டார்.

"காரணம் எனக்குத் தெரியும். நீங்க பையனக் கேளுங்க. அவரு வாயத் தொறந்து பதில் சொன்னா, அப்ப வாங்க பேசலாம்."

அத்தனை நீளமாக நீங்கள் நான்கு பேர் முன்னால் பேசி நான் கேட்டதில்லை. அவர்கள் மறுபடி வரவில்லை.

பிறகு விவாகரத்து, பி.எட்., அல்சூரில் ஒரு பள்ளியில் வேலை, என் சொந்த வாடகை வீடு. ஞாயிறுகளில் நீங்கள் என்னை ஏரிக்கு அழைத்துப் போவது மட்டும் நிற்கவில்லை. அதிகம் பேசமாட்டோம். எத்தனையோ கெண்டை மீன்களைப் பிடித்தீர்கள், அம்மா பாதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். உங்களுக்கு முட்டி வலி வந்த வருடம் ஏரிக்குப் போவது நின்றது. அதற்கு அடுத்த வருடம் நீங்களும் போய்விட்டீர்கள். அந்தப் பக்கம் இப்போது பஸ்ஸில் போனால் ஏரி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு கீற்றாகத் தெரிகிறது.

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. என் வாழ்க்கை திரும்பிய அந்த நாளில், காலையில் நடு ஏரியிலும் மாலையில் அவர்கள் முன்னாலும், உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு தடவையும் எனக்குக் கிடைத்தது உங்கள் முதுகுதான். ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன், அவங்க வந்தப்ப அப்பா முகம் எப்படி இருந்தது என்று. அவள் யோசித்துப் பார்த்தாள். "எனக்கு என்ன தெரியும்? நான் காபி ஆத்திக்கினு இருந்தேன்" என்றாள்.

பள்ளியில் பிள்ளைகள் சில சமயம் ஏதாவது சொல்ல வருவார்கள். கூட வேலை பார்க்கும் பெண்களும் வருவார்கள். நான் எதிரே உட்காருவதில்லை. ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் என் பின்னால் நின்று சொல்வார்கள். அடித்தாரா, குடித்தாரா என்று கேட்க மாட்டேன். அவர்களே சொல்லும் வரை நிற்பேன். சொல்லி முடித்த பிறகும் சட்டென்று திரும்ப மாட்டேன்.

ஆனால் நான் சொல்ல வேண்டியவை இருக்கின்றனவே அப்பா, அவற்றுக்கு இடமில்லை. சில ஞாயிறு காலைகளில் படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறேன். முதலில் சில்லென்று இருக்கும். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் சுவரும் சூடாகிவிடுகிறது. ஒரு நொடி நம்பிவிடுகிறேன். அப்புறம் தெரிகிறது, அது என்னுடைய சூடுதான்.