எதிர்காற்றும் ஒரு துண்டு கருப்பட்டியும்

இல்லை, அந்தப் பையை இன்னும் துவைக்கவில்லை. சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் கறுப்புப் பை. ஜிப்பைத் திறந்தால் இப்போதும் கருப்பட்டி வாசனை. தையலோரம் கசிந்து இறுகிக் கிடப்பதை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை.

காலையில் சித்தி போன் செய்தாள். சித்தப்பாவுக்கு ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். நீ போட்டுக்கொண்ட அதே இன்சுலின். "நீ கவலப்படாத. வீட்டுல கிடந்த சீனி, மிட்டாய், ஒண்ணு விடல, எல்லாத்தையும் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்" என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி.

கொஞ்சம் சீனி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் சித்தி, என்றேன்.

"ஆமா, நீ பெரிய டாக்டரு." வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பையை ஆணியிலிருந்து எடுத்தேன்.

*

ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு. கடலை இடது கைப்பக்கமாகவே வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது உன் திட்டம். வழியில் ஓர் இரவு மில்லர்புரத்தில் சித்தி வீட்டில் தங்கினோம். விடிகாலையில் நீ வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டதைச் சித்தி பார்த்துவிட்டாள். "சுகரா? ஒரு வார்த்த சொல்லலியே பிள்ளே" என்று உன் கன்னத்தைத் தொட்டாள். பிறகு அடுப்படியில் நெடுநேரம் ஏதோ செய்தாள். பாட்டில்களையும் பையையும் அவளே சைக்கிளில் மாட்டிவிட்டாள். தெரு திரும்பும்வரை கையசைத்தாள்.

கச்சான் அடிக்கும் மாதம். தெற்கே போகிறவர்களுக்கு முகத்தில் அறையும் காற்று. துறைமுக லாரிகளைத் தாண்டி முள்ளக்காடு வந்தபோதே தொடங்கிவிட்டது. அப்புறம் இரண்டு பக்கமும் உப்பளம். மரமில்லை. நிழலில்லை. வெள்ளைக் குவியல்கள் மட்டும். மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தினால் சைக்கிள் அங்கேயே நின்றுவிடும்.

நம் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். ஒருத்தி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வாள். மற்றவள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வாள். பிறகு மாறிக்கொள்வோம். நீ முன்னால் போகும்போது மட்டும் எனக்குக் கூடுதலாக ஒரு வேலை. ஹாஸ்டல் மெஸ்ஸில் எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்று கேட்டுக்கொண்டே வர வேண்டும். நீ ஒழுங்காகச் சொன்னால் மேலே போகலாம். தடுமாறினால் நிறுத்த வேண்டும். ஊசி போட்டவள் வெயிலில் மிதித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். உடனே இனிப்பாக ஏதாவது உள்ளே போக வேண்டும். இறங்குவது உனக்குத் தெரியாது. அதற்கு முன்பே கோபம் வந்துவிடும்.

"செவ்வாக்கிழம ராத்திரி?"

"ரப்பர் சப்பாத்தி. அதையெல்லாம் ஞாபகப்படுத்தாதளா."

சிரித்தோம். பழையகாயலுக்கு முன்னால், மாறிக்கொள்ளலாமா என்றேன். தலையை ஆட்டினாய். மாறவில்லை.

"வியாழக்கிழம காலையில?"

"காத்து."

"ஏளா, விளையாடாத. வியாழக்கிழம காலையில என்ன?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். வாய மூடிட்டு வா."

அது உன் குரல் இல்லை. உன் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. பின்னால் உப்பு லாரியின் ஹாரன். எழுந்து நின்று மிதித்தேன். உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சாலையோரச் சரளையில் விழுந்தோம். லாரியின் தார்ப்பாய் படபடவென்று நம்மைக் கடந்தது. டிரைவர் திட்டிக்கொண்டே போனான்.

அந்த வெயிலில் உன் நெற்றி குளிர்ந்து நனைந்திருந்தது. பாட்டிலை உன் வாயில் வைத்தேன். சீனி கரைத்த எலுமிச்சைச் சாறு, முந்தின இரவு நாமே கலந்தது. நீ முகத்தைச் சுளித்துத் துப்பினாய். நான் குடித்துப் பார்த்தேன்.

உப்பு.

என் பாட்டிலிலும் உப்பு. பையைத் திறந்தேன். ஆரஞ்சு மிட்டாய் இருந்த இடத்தில் பொரிகடலைப் பொட்டலம். குளுக்கோஸ் டப்பாவைக் காணோம். அடுப்படியில் சித்தி நெடுநேரம் செய்தது இதுதான். சுகர் உள்ள பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாள்.

கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு. ஒரு கரண்டி சீனி இல்லை.

சாலை வளைவில் ஓர் ஓலைக்கடை தெரிந்தது. சைக்கிள்களை அப்படியே போட்டுவிட்டு உன்னைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனேன். அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு டீயும் வடையும் போடும் கடை. வடைச் சட்டியைக் கவிழ்த்தாகிவிட்டது. அண்ணாச்சி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சீனி குடுங்க, சீக்கிரம். இவளுக்கு சுகர். ஊசி போடுத பிள்ள. மயக்கம் வருது."

அவர் கை சீனி டப்பாவுக்குப் போனது. நின்றது. மூடியை அழுத்தி மூடினார்.

"சுகர் உள்ள பிள்ளைக்கு சீனியா? என்னம்மா சொல்லுத? எம் மச்சினன் அதுலதான் போனான்."

"இறங்கிப்போச்சு அண்ணாச்சி. இப்பம் சீனிதான் மருந்து."

"படிச்ச பிள்ள பேசுத பேச்சா இது? எங்கடையில வச்சு ஒரு உசுரு போச்சுன்னா நீயா வந்து பதில் சொல்லுவ? ஆட்டோவக் கூப்பிடுதேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ."

டப்பாவைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பெஞ்சில் உன் தலை சரிந்தது. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாய். பாய்ந்து பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். தள்ளினால் விழக்கூடிய வயது அவருக்கு. பரவாயில்லை என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். கையில் சுக்குக் காப்பிக்கு உடைத்த கருப்பட்டி. உன் முகத்தைப் பார்த்தாள்.

"சீனிதான ஆகாது? கருப்பட்டி ஒண்ணுஞ் செய்யாது. எங்க அம்ம சுகரோட கருப்பட்டிக் காப்பிதான் குடிப்பா. வாயில கொஞ்சம் போடட்டா?"

கருப்பட்டியும் சீனியைப் போலத்தான் ஏற்றும். எனக்குத் தெரியும்.

"ஆமாக்கா. ஒண்ணுஞ் செய்யாது. குடுங்க."

"கருப்பட்டின்னா சரி" என்றார் அண்ணாச்சி. "மொதல்லயே அதக் கேட்டிருக்கலாம்லா."

பொடித்து உன் கன்னத்துக்குள் வைத்தேன். உன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. பிறகு அசைந்தது. இன்னும் கொஞ்சம். அக்கா வெந்நீரில் கரைத்துக் கொண்டுவந்தாள். கூரை ஓலை காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

கண்ணைத் திறக்காமல் நீ சொன்னாய்: "பொங்கல். வியாழக்கிழம பொங்கல்."

நான் அழுதேன். அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாத்தியா, சீனியக் குடுத்திருந்தா இந்நேரம் என்ன ஆயிருக்கும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். நீ என் முழங்கையில் கிள்ளினாய். "ஆமா அண்ணாச்சி, நல்லவேள" என்றாய். மீதிக் கருப்பட்டியை அக்கா நம் பையிலேயே போட்டுவிட்டாள். அதுதான் வெயிலில் இளகித் தையலில் இறங்கியது.

அன்று இரவு தங்க நினைத்திருந்த மணப்பாடு போய்ச் சேரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆத்தூர்ப் பாலம் வரை வந்தோம். பாலத்தின் மேல் நின்று சொன்னாய்.

"உங்க சித்திட்டச் சொல்லிராத."

"ஏன்?"

"பாவம், அதையே நெனச்சுட்டுக் கிடப்பாங்க. அப்புறம் எனக்குச் சோறு போடவே பயப்படுவாங்க. இப்பிடியே எத்தன வீடு போச்சு தெரியுமா?"

சத்தியம் வாங்கிக்கொண்டாய்.

நான் சொல்லவில்லை. நீ போன பிறகும் சொல்லவில்லை. சென்னையில், அந்தத் தனி அறையில், தூக்கத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது என்றாள் பக்கத்து அறைப் பெண். கிழமை கேட்க ஆளில்லை. துட்டி விசாரிக்க வந்த சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுல ஒரு பொட்டு இனிப்பு நான் அந்தப் பிள்ளைக்குக் குடுக்கல. அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு" என்றாள். அப்போதும் சொல்லவில்லை.

இன்று வேறு. சீனி இல்லாத வீட்டில் சித்தப்பா ஊசி போட்டுக்கொண்டு தூங்கப் போகிறார். மருத்துவம் பேசினால் சித்தி கேட்கமாட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னால் கேட்பாள். அந்த நிம்மதியை அவளிடமிருந்து எடுக்கப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான்.

இப்போதும் தனியாக மிதிக்கும்போது கிழமை கேட்கிறேன். எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் வாய் கேட்கிறது. வியாழக்கிழமை காலையில் என்ன? முன்னால் முதுகு இல்லை. காற்று நேராக என் மேல் வருகிறது.

*

திரும்பி வந்து எழுதுகிறேன்.

நான் இப்போது இருக்கும் ஆத்தூரிலிருந்து வடக்கே சித்தி வீட்டுக்குப் போனதால் காற்று முதுகில் இருந்தது. சித்தியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், பொரிகடலை, உப்பு லாரி, பெஞ்சில் சரிந்த தலை. சித்தி, "அப்புறமும் அவ என்ட்ட போன்ல சிரிச்சுத்தான பேசினா" என்றாள். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். கொடுத்த டப்பாவைத் திருப்பிக் கேட்டு வாங்கி வந்தாள்.

நான் மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சீனிதான். சித்தப்பாவின் கட்டிலோரம் வைத்தேன்.