படகு வரிசையில் மலர்

ஆவணி 12, வெள்ளி

சாயங்காலம் ரேகா லேப்டாப்போடு வந்தாள். என் மகள் மலரோடு காலேஜில் வேலை பார்த்தவள். மலர் இறந்தபோது பாதியில் நின்றுபோன கம்ப்யூட்டர் கணக்குப் பாடத்தை இப்போது இவள்தான் முடிக்கிறாள்.

திரையில் பாராடாங் தீவுக்குப் போகும் படகுக்கு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கடைசி ஆளைத் தொட்டால், "எனக்கு முன்னால எத்தனை பேர்?" என்று முன்னால் நிற்பவரைக் கேட்கிறார். அவருக்கும் தெரியாது. அவர் தனக்கு முன்னால் நிற்பவரை அதே கேள்வி கேட்கிறார். முதல் ஆள் யாரும் இல்லை என்றதும், ஒவ்வொருவரும் ஒன்று கூட்டிப் பின்னால் சொல்கிறார்கள். இப்படித்தான் ஒரு கணக்கு தன்னையே கூப்பிட்டுக் கேட்கும் என்பாள் மலர்.

இரண்டாவது ஆளுக்கு என் குரல். அதைப் பதியும்போது, "அரே அம்மா, மீன் விக்கிறியா? மெதுவா கேளு" என்று மலர் சிரித்தாள். முதல் ஆளுக்கு அவள் குரலேதான்.

"எனக்கு முன்னால யாரும் இல்ல" என்றாள் இன்று திரையிலிருந்து.

"பின்னால நான் நிக்கிறேன்டி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ரேகா அழுதாள். "கஷ்டமா இருந்தா சொல்லுங்க ஆன்ட்டி. அவ குரலை எடுத்துட்டு என்னோடதப் போட்டுடறேன்."

"வேணாம் பேட்டி" என்றேன், மகளைக் கூப்பிடுவது போல. "அவளே நிக்கட்டும்."

"காலேஜ் பசங்க தினம் இதப் போட்டுக் கேப்பாங்களே, தாங்குவீங்களா?"

"போடட்டும்."

மலர் பதில் சொன்னதும் என் குரல் பின்னால் திரும்பி, "எனக்கு முன்னால ஒருத்தி இருக்கா" என்கிறது. அதை எப்படி எடுக்கச் சொல்வேன்? இந்த வீட்டில் யாரிடமும் இனி என்னால் 'ஒருத்தி இருக்கா' என்று சொல்ல முடியாது.