விடைக்குறிப்பில் இல்லாத பதில்

பாப்பாவோட அப்பாவுக்கு வணக்கம். உங்க முதுகுவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

நான் தாள் திருத்துற வேலைக்கு வந்திருக்கிற இந்த ஊர்ல எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே விடைக்குறிப்பு. நேத்து ரெண்டாம் வகுப்புத் தாள் திருத்தினேன். ‘காலையில் உன்னை எழுப்புவது யார்?’னு கேள்வி. ‘அம்மா’ன்னு எழுதினாத்தான் மார்க். ஒரு குழந்தை, ‘யாரும் இல்லை. அம்மா வெளியூரில் வேலை பார்க்கிறார். நானே எழுந்துகொள்வேன்’னு எழுதியிருந்துச்சு.

சூப்பர்வைசர் அம்மாகிட்ட காட்டினேன்.

“குறிப்புல இருக்கா?”

“இல்லைங்க. ஆனா அது உண்மையைத்தானே எழுதியிருக்கு?”

“உண்மைக்கெல்லாம் மார்க் இல்லைம்மா. பூஜ்யம் போடுங்க.”

போட்டேன். சாயங்காலம், என் திருத்தத்துல ஒரு பிழைகூட இல்லைன்னு எல்லார் முன்னாடியும் கைதட்ட வெச்சாங்க. நானும் சிரிச்சேன்.

குளிருது, என் பழைய போர்வையை அனுப்புங்க. பாப்பா நோட்டுலருந்து ஒரு பக்கம் கிழிச்சு உள்ள வைங்க. எதை எழுதியிருந்தாலும் பரவாயில்லை. வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி வந்துடுச்சு, வரேன்.