வீட்டின் மேல் எழுதிய காவியம்

அண்ணே,

நில அலுவலகத்தின் பதிவுத் தபால் இன்று காலை வந்தது. சூலியா தெருச் சந்தில் இருக்கும் நம் வீட்டின் மேல் நான் போட்ட கேவியட்டை நீக்கும்படி அண்ணி மனுக் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதத்திற்குள் நான் நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால் அது நீங்கிவிடும். என் வழக்கு முடியும்வரை வீட்டை விற்கவோ பெயர் மாற்றவோ விடாமல் பட்டாவில் ஏறியிருக்கும் தடை அது, வேறொன்றுமில்லை.

அதன் முதல் அறிவிப்பு உனக்கு வந்தபோது நீ அதைக் கேவியட் என்று சொல்லவில்லை. மாமா மகள் கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு உரக்கச் சொன்னாய்: "தம்பி யுனிவர்சிட்டி போனது வீணாப் போகல லா. நம்ம வீட்டு மேலயே காவியம் எழுதிட்டான்!" பந்தியே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். உன் காதுதான் தவறியதா, தெரிந்தே சொன்னாயா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டை உன் பெயருக்கு எழுதியபோது அப்பா என்னிடம் சொன்னது ஒரே வரி: "படிச்சவனுக்குப் படிப்பே வீடுடா." பரிசு என்று எண்ணிப் பெற்ற பட்டம்தான் என் பங்கு என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

விசாரணைக்கு முன்பே நீ போய்விட்டாய். ஜுருவில் இருந்த உன் பட்டறையின் ஆட்கள் பாடையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி, விட மனமில்லாமல் சுமந்தார்கள். எனக்கு இப்படி யார் அழுவார்கள் என்று நினைத்தபடியே பின்னால் நடந்தேன்.

தபாலைப் படித்ததும் அண்ணியை அழைத்தேன். உன் மகள் எடுத்தாள். ரிசீவரைப் பொத்துவதற்குள் குரல் கேட்டுவிட்டது: "அம்மா, காவியம் லைன்ல இருக்கு!"

அந்த வீட்டில் இப்போது என் பெயர் அதுதான்.

"கூரை ஒழுகுது தம்பி," என்றார் அண்ணி. "பேரு மாத்தாம பேங்குல கடன் வாங்கிச் சரிசெய்ய முடியல லா."

தடையை நீட்டிக்கும் மனுவை வழக்கறிஞர் தயாராக வைத்திருக்கிறார். அந்தப் பட்டாவில் உன் பெயரும் என் பெயரும் ஒரே தாளில் நிற்பது இந்தத் தடையால் மட்டுமே. அது போனால், நானும் அந்த வீட்டுப் பிள்ளை என்பதற்கு ஓர் எழுத்துகூட அங்கே மிஞ்சாது.

ஆயினும் நான் கையெழுத்திடவில்லை. இரண்டு மாதமும் கழியட்டும். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. ஒழுகும் கூரையோடு எனக்கு வழக்கில்லை, அவ்வளவுதான். வீடு உன்னுடையதாகவே இருக்கட்டும். நீ சூட்டிய பெயர் என்னோடு வரும். அதை நீக்கக் கோரும் படிவம் எந்த அலுவலகத்திலும் இல்லை.