நீலத்தில் கறுப்புப் புள்ளிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாமாவும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்துதான் அவருக்கு மொட்டை மாடியில் தினமும் ஏதாவது வேலை முளைக்கிறது. அம்மா பக்கத்து வீட்டில் நான் மீன் ஆபீசில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். நம் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நத்தைக்குக் காவல் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது என்கிறாள்.

கடல் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு ‘ம்யூட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபமில்லை. கடையில் நூல் கேட்பதற்குக்கூட எனக்காக நீதானே பேசினாய்.

போன வாரம் கடலில் முக்குளிப்பவர்கள் ஓடில்லாத கடல் நத்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சுண்டுவிரல் நீளம்தான். நீல முதுகில் கறுப்புக் கோடுகள், ஓரத்தில் ஆரஞ்சுக் கரை. இதே சாயலில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றில் கோடுகளுக்கு நடுவே நீலம் வெறுமையாக இருக்கும். மற்றதில் ஊசிமுனையால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். என்னோடு வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் அதை எடுத்த ஃபோட்டோ படத்தைப் பார்த்து, புள்ளி இல்லாத இனம் என்று பெயர் எழுதிவிட்டார். தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் இருந்தன. ஃப்ளாஷ் வெளிச்சத்தில் படத்தில் அவை வெளுத்துப்போயிருக்கின்றன.

மறுநாள் நிலையத்தின் கடல் உயிரினப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். அதில் தப்பான பெயர் ஏறினால், அதைப் பார்த்துக் கடல் உயிர்களைக் கணக்கெடுக்கிறவர்கள் எல்லோருக்கும் தப்பாகவே போகும். ஆனால் நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மீட்டிங்கில் எங்கள் நிலையத் தலைவர் மேடம் எல்லாம் சரிதானே என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் இல்லை என்றேன். சீனியர் அண்ணன் ஏசியில் ஏதோ சத்தம் என்று நிமிர்ந்து பார்த்தார், அக்கா. மறுபடியும் சொன்னேன்.

எல்லோரும் தொட்டிக்கு வந்து மேஜையை இடித்ததில் நத்தை சுருண்டுகொண்டது. கோடுகூட ஒழுங்காகத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தோன்றியது. “இதுவும் உன்னை மாதிரிதாம்மா, ஆள் வந்தா சுருண்டுக்குது” என்றார் சீனியர் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

“மேஜையை விட்டுத் தள்ளி நில்லுங்க. தானா நீளும்” என்றேன். என்னையறியாமல் அதட்டலாக வந்துவிட்டது. மேடம் உட்பட எல்லோரும் தள்ளி நின்றார்கள். மெல்ல அது நீண்டு ஊர ஆரம்பித்தது. லென்ஸோடு குனிந்த சீனியர் அண்ணன் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு தான் எழுதிய பெயரைத் தானே அடித்துவிட்டு, “நான் படத்தைத்தான் பார்த்தேன்” என்று பேனாவை என்னிடம் நீட்டினார். நான் எழுதிய சரியான பெயரும் குறிப்பும்தான் அச்சாகப்போகின்றன.

அம்மாவிடம் சொன்னேன். கடிக்குமா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, நல்லா இருக்கியா என்று கேட்ட கையோடு ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே. உன்னிடம் நிறையப் பேச வேண்டும். நடுவில் நான் நின்றுவிட்டால் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே, அக்கா. லைனில்தான் இருப்பேன்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

உன் அன்புத் தங்கை